வெடிப்பு என்ற சொல்

படம் பார்க்கப் போகும்போது நான் சாப்பிட்டுவிட்டுப் போவதில்லை, ஐயா. வயிறு நிறைந்தால் கண் சொருகும். அன்றும் வெறும் வயிறுதான். அதனால் தூங்கிவிட்டேன் என்று உங்கள் விசாரணையில் சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை.

தலைநகர் வாகடூகுவில் இருபத்திரண்டு வருடமாகப் பத்திரிகையில் பட விமர்சனம் எழுதுகிறேன். இந்த சால்ஃபோ நிக்கியெமா நல்லபடியாக எழுதினால் கொட்டகை நிறையும் என்பார்கள். ராக்கியேத்தா என்ற பெண் எடுத்த அந்தப் படம் வடக்கே ஒரு தங்கச் சுரங்கத்தைப் பற்றியது. கயிற்றில் இறங்கிக் கையால் தோண்டும் குழிகள். குழிகளுக்கு மேலே நிற்கும் மண்மேட்டின் மறுபக்கம் மண்ணில் ஒரு வெடிப்பு. கீழே தோண்டுகிறவர்கள் கண்ணுக்கு அது தெரியாது. மூன்று மாதம் ஒரே இடத்தில் கேமராவை வைத்து எடுத்திருந்தாள். முதலில் ஒரு விரல் நுழையும் அகலம். கடைசியில் ஒரு கோழி அதற்குள் விழுந்து காணாமல் போகிறது.

படம் முடிந்ததும் வாசலில், மோட்டார் சைக்கிள்களுக்கு நடுவே, என்னைப் பிடித்துக்கொண்டாள்.

“அண்ணே, வாயால சொல்லிப் பாத்தேன், ஒருத்தரும் நம்பல. சுரங்க முதலாளி என்னைத் தொரத்திட்டான். அடுத்த வாரம் நடமாடும் திரை வண்டி அங்க போகுது. அவங்க மேட்ட அவங்களே பாத்தா குழிக்குள்ள இறங்க மாட்டாங்க. நீங்க எழுதுறதப் பாத்துட்டுத்தான் எந்தப் படம்னு வண்டிக்காரங்க முடிவு பண்ணுவாங்களாம்.”

“எனக்குப் பிடிச்சிருந்தா எழுதுறேன்.”

“உங்களுக்குப் பிடிச்சுதான்னு யாருண்ணே கேட்டா? உப்பு இருக்கா, உறைப்பு இருக்கான்னு சொல்லவா ஒரு பக்கத்தையே உங்களுக்குக் குடுத்திருக்காங்க? எங்க கண்ணுக்குத் தெரியாததப் பாத்துச் சொல்லுங்க.”

பக்கத்தில் கறி சுட்டு விற்றுக்கொண்டிருந்தவன் சிரித்துவிட்டான்.

அவள் சொன்னது சரி. அதையே நான் பல மேடைகளில் பேசிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன். அந்தக் கறிக்காரனின் சிரிப்புதான் வீடுவரை கூடவே வந்தது.

“அசையாத மண்ணை அரைமணி நேரம் காட்டுகிறார்கள். எனக்கு அலுப்பாக இருந்தது” என்று எழுதினேன். வெடிப்பு என்ற சொல் முதலில் இருந்தது. நான்தான் கோடு போட்டு அடித்தேன். வண்டி ஒரு சிரிப்புப் படத்தை ஏற்றிக்கொண்டு போனது. முதல் மழையில் மேடு சரிந்தது. முப்பத்தொரு பேர்.

ராக்கியேத்தா அலுவலகத்துக்கு வந்தாள். திட்டவில்லை.

“பாத்தீங்களா, இல்லையாண்ணே? அத மட்டும் சொல்லுங்க.”

“இருட்டா இருந்துச்சும்மா. சரியாத் தெரியல.”

தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள். அவள் கேள்வி என்னை விடவில்லை. அதற்காகத்தான் இரண்டாவது கட்டுரையை எழுதினேன். படத்தை மறுபடி பார்க்கவில்லை. வெடிப்பு வாரத்துக்கு எவ்வளவு அகன்றது என்பதுவரை நினைவிலிருந்தே எழுதினேன். படித்தவர்கள் அழுதார்கள். விருதும் வந்தது.

தெரியவில்லை என்றவன் இதை எப்படி எழுதினான் என்றுதானே கேட்கிறீர்கள். தெரிந்தது, ஐயா. அந்த மேடு நிற்காது என்று வாசலில் அவளோடு பேசும்போதே எனக்குத் தெரியும். தெரிந்தேதான் அந்தச் சொல்லை அடித்தேன். கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

வாக்குமூலத்தில் ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டாவது கட்டுரையில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. இத்தனை வருடத்தில் நான் எழுதிய நேர்மையான விமர்சனம் அதுதான்.