பாம்பில்லாத புற்று

சாமி விஷயமாச்சே, எழுதலாமா என்று பல வருஷம் தயங்கினேன். அம்மன் பொறுத்துக்கொள்வாள் என்று இப்போது எழுதுகிறேன்.

எருமப்பட்டியிலிருந்து நாமக்கல் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு புருஷனும் பெண்சாதியும் இருந்தார்கள். அவள் மாசமாக இருந்தாள். மடியில் ஒரு பிள்ளை, சன்னலோரம் ஒரு பிள்ளை.

"ஊடு வாங்கறதுக்குப் பாக்க வந்தவங்க இன்னைக்கும் கும்பிட்டுட்டுப் போயிட்டாங்க," என்றார் அவர்.

"ஊட்டுக்குப் பின்னால பொடக்காளியில புத்து இருந்தா கும்பிடாம என்னங்க பண்ணுவாங்க?"

"அதுக்கு எதுக்குப் புள்ள மஞ்சள் பூசுன?"

"பெரியவனுக்கு அம்மை போட்டிருந்துச்சுங்க, வேண்டிக்கிட்டேன். வெறும் கறையான் புத்துதான். பாம்புன்னு நானா சொன்னேன்? பக்கத்தூட்டக்கா சொன்னாங்க, கடைவீதி போறதுக்குள்ள அதுக்கு அஞ்சு தலை ஆயிப்போச்சு."

"புத்தை இடிச்சுட்டு ரூம் கட்டலாம்னா ஊரு உடமாட்டேங்குது. விக்கலாம்னா வாங்கப் பயப்படறாங்க. ஒத்த ரூம்ல மூணாவதை எங்க படுக்க வெக்கறது?"

"பாம்பே இல்லைன்னு நேத்தும் அந்த அக்காகிட்டச் சொன்னேனுங்க. பாவம் பண்ணுனவங்க கண்ணுக்குத் தெரியாதாம்."

அவர் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை.

இதை யாரிடமாவது சொன்னால் இப்படியே சொல்லுங்கள். பாம்பை மட்டும் சேர்த்துவிடாதீர்கள், புண்ணியமாகப் போகும்.