தீவு மணலை அளந்து தந்த திலகவதி அம்மாவுக்கு

மண்ணையும் சாம்பலையும் மனம் சலியாமல் அளந்தவரே! அவசரத்துக்கு அசையாத அன்பரே! இன்று பணி ஓய்வு பெறும் எங்கள் திலகவதி அம்மா அவர்களே! வணக்கம்.

முப்பத்திரண்டு ஆண்டுகள் நெய்வேலி நகரியத்தின் பதினேழாம் வட்டத்திலிருந்து பேருந்தில் வந்திறங்கி, இந்தச் சிறிய சோதனைக்கூடத்தில் கதிர்வீச்சை அளந்தீர்கள். உங்கள் கையெழுத்தைப் பார்த்தபின்தான் அனல்மின் நிலையச் சாம்பலில் செங்கல் செய்பவரும் கிணறு வெட்டியவரும் மூச்சு விட்டார்கள்.

ஊழியர் சார்பில் இதை எழுதும் எழில்மதியாகிய நான், சென்ற ஆடியில் நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியாது. மொழிபெயர்ப்பு நாவல்களில் வரும் தூரத் தீவுகள் மேல் எனக்குப் பித்து. கப்பலில் வேலை செய்யும் அண்ணனிடம் கேட்டு இரண்டு புட்டிகள் வரவழைத்தேன். ஒன்றில் கடற்கரை மணல், இன்னொன்றில் தென்னையடி மண். அங்கே ஒரு காலத்தில் அணுகுண்டு வெடித்துப் பார்த்தார்கள் என்று அண்ணன் போனில் சொன்னபோது, எங்கள் வீட்டில் அவன் மகள் தமிழ்நிலா மணலைக் கொட்டி விளையாடி வாயிலும் போட்டிருந்தாள். மூன்று வயது!

மந்தாரக்குப்பத்து வீட்டிலிருந்து ஓடிவந்து மீதி மணலைக் கருவியில் வைத்தேன். எண்கள் ஏறிக்கொண்டே போயின.

"பாப்பா செத்துடுமாம்மா?"

நீங்கள் திரையைக்கூடப் பார்க்கவில்லை. "கருவியோட ஈயக் கதவ மூடினியாடி?"

மூடவில்லை.

"அப்ப நீ அளந்தது நம்ம செவுத்த. சாம்பல் கல்லு, எப்பவும் கொஞ்சம் கதிர வுட்டுகினுதான் இருக்கும். மொதல்ல காலி டப்பாவ வை."

"மணல வைங்கம்மா, கால்ல வுழறேன்!"

"காலி டப்பாவ அளக்காம மணல அளந்தா, உன் பயத்தத்தாண்டி அளப்போம்."

காலி டப்பாவுக்கு மூன்று மணி நேரம், மணலுக்கு மூன்று மணி நேரம். அந்த ஆறு மணி நேரம் என் எதிரிக்கும் வரக்கூடாது. இரண்டின் எண்களும் ஒன்றாகவே இருந்தன.

"அல எழுவது வருஷமா அலசுன மணலு. புள்ளைக்கு ஒண்ணுமில்ல, போய்ச் சோறு ஊட்டு."

ஆனால் தென்னையடி மண்ணை அளந்தபோது, அணுகுண்டு விட்டுப்போகும் கதிர்வீச்சுப் பொருளான சீசியத்தின் கோடு திரையில் எழுந்தது. அது பாப்பா திறக்காத புட்டி. சிறிய கோடுதான் என்றீர்கள். அது எப்போது போகும் என்று கேட்டேன்.

"தீவுல மழ பெஞ்சு கொஞ்சங்கொஞ்சமா கீழ எறக்கிடும். புட்டிக்குள்ள மழ ஏது? தானாத்தான் கொறையணும். பாதியாவ முப்பது வருஷம்."

முப்பது ஆண்டுக்குப் பிந்திய தேதியை எழுதி, "மறுபடி அளக்கவும்" என்று புட்டியில் ஒட்டி, அலமாரியில் வைத்துப் பூட்டினீர்கள்.

அம்மா, பூட்டிய அலமாரியைத் தாண்டும்போது இன்றும் எங்களுக்கு உடல் சிலிர்க்கிறது. கதவை மூடினாயா என்று கேட்க நாளை முதல் யார் இருக்கிறார்கள்?

அந்தத் தேதியில் உங்களுக்குத் தொண்ணூறு வயது. நோயின்றி, கோலின்றி, நடந்தே வாருங்கள்! காலி டப்பாவை நீங்களே வையுங்கள்! ஈயக் கதவை நாங்கள் மூடுகிறோம்.

என்றும் உங்கள்,
சோதனைக்கூட ஊழியர்கள்,
நெய்வேலி.