அன்றன்றைய பகுதி

காலை ஏழு மணிக்கு மேல் எங்கள் வீட்டில் யாரும் படுத்திருக்க மாட்டார்கள். ஏழு மணிக்கு வேத வாசிப்பு. ஒரு நாளைக்கு ஒரு பகுதி. விடவும் கூடாது, முந்திப் படிக்கவும் கூடாது. என் தகப்பனார் வைத்த முறை அது.

எங்கள் வேதத்தில் ஒரு கொடிய இடம் உண்டு. வீட்டுக்கு இழிவு தேடிய மகள்மேல் தகப்பனே முதல் கல்லை எறிய வேண்டும் என்று வரும். அந்த வரியோடு நாற்பது வருடம் மல்லுக்கட்டியிருக்கிறேன். என் மகளுக்கே தெரியும். "இந்த இடம் வந்தாலே அப்பாவுக்குத் தொண்டை கட்டிக்குது, பாரும்மா" என்று சின்ன வயதில் கேலி செய்வாள். நான் கல்நெஞ்சக்காரன் அல்ல, ஐயா.

யாரையோ நம்பி வீட்டை விட்டுப் போன அந்த மகள், இரண்டு வருடம் கழித்து ஒரு பையோடு வந்து நின்றாள். அன்று நான் வாசித்து மூடிய பகுதி அதுதான்.

"உள்ள வரலாமாப்பா?"

வரச் சொன்னேன். அவளை வாசலில் நிறுத்தி அக்கம்பக்கத்துக்கு வேடிக்கை காட்டுகிற குடும்பம் இல்லை எங்களுடையது. பின்னால் பழைய சாமான் போடும் அறை ஒன்று இருக்கிறது. ஜன்னல் கிடையாது, தூசி அதிகம். அதில் இருக்கச் சொல்லிப் பூட்டினேன். அவளுக்குப் பிறந்ததிலிருந்தே இழுப்பு உண்டு. இன்ஹேலர் பையில் இருந்தது. பையை நான் வாங்கி வைத்துக்கொண்டேன். வாசல் கதவையும் பூட்டினேன்.

மத்தியானம் தட்ட ஆரம்பித்தாள். என் மனைவி என் காலைப் பிடித்தாள்.

"நாம பெத்த பொண்ணுங்க. மூச்சு இழுக்கிறது இங்க வரைக்கும் கேக்குது. சாவியைக் குடுங்க."

"காலையில திறக்கலாம். நான் கை ஓங்கினேனா?"

ஓங்கவில்லைதான். கல்லையும் தொடவில்லை. வேதம் சொன்னதை என்னால் முடிந்த மட்டும் இளக்கிக்கொண்டேன்.

சாயங்காலம் தட்டுவது நின்றது. காலை ஆறு மணிக்குத் திறந்தேன். கதவில் சாய்ந்தபடியே விறைத்திருந்தாள். ஏழு மணிக்கு வாசிக்க உட்கார்ந்தேன். 'திரும்பி வந்தவளின் பாதங்களைக் கழுவி, அவளை உன் அருகே உட்கார வை' என்று தொடங்கியது அன்றைய பகுதி.

என் மனைவி என்னையே பார்த்தாள். "இது நேத்தே உங்களுக்குத் தெரியாதா?"

முந்திப் படிப்பது முறையில்லை என்றேன். அவளிடம் அப்படித்தான் சொன்னேன்.

உங்களிடம் மறைக்கவில்லை. அந்த வேதத்தைப் பதினாறு முறை முழுதாக வாசித்தவன் நான். அவளை உள்ளே வைத்துப் பூட்டில் சாவியைத் திருப்பும்போதே, பாதங்களைக் கழுவச் சொல்லும் அந்த வரியைத்தான் என் வாய் முணுமுணுத்துக்கொண்டிருந்தது.