குடித்துவிட்டு ஓட்டிய நல்லவர்களைக் கேள்வி கேட்கக் கற்றுத் தந்தவருக்கு

கேட்கத் தயங்கிய எங்கள் நாவில் கேள்வியை விதைத்த கேண்மையே! சிரித்த முகத்தோடு சிக்கலை அவிழ்த்த சீர்மையே! நன்னடத்தை அலுவலர்களை நயத்தாலும் நையாண்டியாலும் நல்வழி நடத்திய நல்லாசிரியையே! பதவியால் பயிற்றுநர் என்றும், பாசத்தால் ‘அடுத்த கேள்வி அம்மா’ என்றும் எங்களால் அழைக்கப்படும் அம்மையீர், வணக்கம்! வாய்விட்டுச் சிரித்தும், வாயடைத்து நின்றும், தங்களிடம் தொழில் பயின்ற நாங்கள், வழியனுப்பும் இந்த மாலையில் வாழ்த்த வந்திருக்கிறோம்.

தாங்கள் வருமுன் இந்த அலுவலகம் நடந்த நடையை இன்று நினைத்தாலும் எங்களுக்குச் சிரிப்பு வருகிறது. குடித்துவிட்டு வண்டி ஓட்டிப் பிடிபட்டவரை நீதிமன்றம் எங்களிடம் அனுப்பும்; இவர் மறுபடியும் இதைச் செய்யக்கூடியவரா என்று கேட்கும். நாங்களோ திருடியவரிடமும் அடிதடியில் இறங்கியவரிடமும் கேட்கிற கேள்விகளையே இவரிடமும் கேட்போம். வேலை உண்டா? உண்டு. வீடு உண்டா? உண்டு. குடும்பம்? உண்டு. பழைய வழக்கு? கிடையாது. அப்புறம் என்ன, தங்கமான மனிதர், அபாயம் குறைவு என்று எழுதித் தேநீர் கொடுத்து அனுப்பிவைப்போம். சில மாதங்களில் அதே தங்கம் அதே நாற்காலியில் மறுபடியும் வந்து உட்காரும். அவருக்குத் தேநீரில் சர்க்கரை எவ்வளவு என்று கேட்க வேண்டிய தேவைகூட இருக்காது.

அப்படிப்பட்ட எங்களுக்குத் தாங்கள் எடுத்த முதல் வகுப்பை மறப்போமா? தாங்களே பிடிபட்டவராக நடித்தீர்கள். எங்களில் மிக உயரமானவரும், ஆகவே ‘ஒட்டகச்சிவிங்கி’ என்று அழைக்கப்படுபவருமான அலுவலர் எதிரே அமர்ந்து விசாரித்தார். “அம்மாவுக்கு உடம்பு சரியில்ல சார், அந்தக் கவலையில ஒரே ஒரு நாள்... இனிமே தொடவே மாட்டேன்” என்று தாங்கள் விம்மி விம்மி அழ, அவர் தண்ணீர் தந்தார், தன் கைக்குட்டையைத் தந்தார், கடைசியில் அபாயம் மிகமிகக் குறைவு என்று எழுதியும் தந்தார். குழாயை மூடியது போல் தங்கள் கண்ணீர் நின்றது.

“அழுததுக்கு எவ்வளவு மார்க் போட்டீங்க தம்பி?”

“அழுகைக்கெல்லாம் மார்க் கிடையாது மேடம்.”

“அப்போ நான் எங்க குடிப்பேன், யார்கூடக் குடிப்பேன், குடிச்சா எப்படி வீட்டுக்கு வருவேன்? இதுல உங்களுக்கு எது தெரியும்?”

ஒட்டகச்சிவிங்கி கழுத்தைத் தாழ்த்திக்கொண்டு யோசித்தார். “எதுவும் தெரியாது மேடம். அந்தக் கைக்குட்டை மட்டும் திரும்பக் கிடைக்குமா?”

அன்று கூடம் அதிரச் சிரித்தோம். அந்தச் சிரிப்போடு சிரிப்பாக, குடித்துவிட்டு ஓட்டுபவரை அளக்கும் கோல் வேறு என்பது எங்களுக்குள் இறங்கிவிட்டது. குடியைப் பற்றி அவர் என்ன நினைக்கிறார், ஓட்டுவதைப் பற்றி என்ன நினைக்கிறார், இரண்டும் சேர்ந்ததைத் தவறு என்று ஒப்புகிறாரா, வீட்டில் இருப்பவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்க வைத்தீர்கள். அதட்டாமல் கேட்க வேண்டும், அறிவுரை சொல்லாமல் கேட்க வேண்டும், பதில் வந்ததும் நிறைவடைந்து பேனாவை மூடிவிடக் கூடாது. மூடினால் பின்வரிசையிலிருந்து தங்கள் குரல் வரும்: “சரி, அடுத்த கேள்வி?”

அம்மையீர்! அவையோர் அனைவரும் அறியவேண்டிய நிகழ்ச்சி ஒன்று உண்டு. தாங்கள் அடக்கத்தால் அதைச் சொல்ல மாட்டீர்கள். ஆகவே நாங்கள் சொல்கிறோம்.

ஊரெல்லாம் மதிக்கும் பல் மருத்துவர் ஒருவர், விருந்துக்குப் போய்த் திரும்பும்போது சாலைத் தடுப்பில் காரை ஏற்றிப் பிடிபட்டு இங்கே வந்தார். மடிப்புக் கலையாத சட்டை, மரியாதை குறையாத பேச்சு. விசாரித்த அலுவலர் அபாயம் குறைவு என்று எழுதப் பேனாவை எடுத்தபோது, மூலையில் பார்வையாளராக அமர்ந்திருந்த தாங்கள், “நான் ஒண்ணு கேக்கலாமா டாக்டர்?” என்றீர்கள். “பிடிபடுறதுக்கு முன்னாடி, குடிச்சிட்டு ஓட்டிப் பத்திரமா வீடு வந்து சேர்ந்தது எத்தனை தடவை இருக்கும்?”

அவர் புன்னகைத்தார். “அதையெல்லாம் யார் மேடம் எண்ணிக்கிட்டு இருப்பா? ஆனா ஒரு கீறல் விழுந்ததில்ல!”

பெருமையோடு சொன்னார். எழுதவந்த அலுவலரின் கை அப்படியே நின்றது. பிறகு தாங்கள் அவருடைய மனைவியைத் தனியே அழைத்துப் பேசினீர்கள். அந்த அம்மையார் சொன்னது இது: “அவர் குடிச்சிருந்தா நான் முன்சீட்ல உக்கார மாட்டேங்க. பின்னாடி பொண்ண இறுக்கிக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு உக்காருவேன். ஏம்மா இவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறன்னு அவ கேப்பா. குளுருதுன்னு சொல்லிடுவேன்.”

அபாயம் அதிகம் என்று அறிக்கை போனது. அன்றைய அலுவலகத் தலைவர் கொதித்தெழுந்தார். அந்தப் பெரியவர் இன்று நம் முன்னே அமர்ந்து சிரித்துக்கொண்டிருப்பதால் அவர் சொன்னதை அப்படியே சொல்லும் துணிவு எங்களுக்கு வந்திருக்கிறது. “என்னம்மா இது, அவ்வளவு நல்ல மனுஷனைப் போய்! என் கடவாய்ப்பல்லையே அவர்தான் பிடுங்கினார், வலியே தெரியல!”

“பல்லு பிடுங்கும்போது அவர் கார் ஓட்டலையே சார்.”

நீதிமன்றம் தங்கள் அறிக்கையை ஏற்றது. வாரந்தோறும் சிகிச்சை, அத்தோடு காரில் ஒரு கருவி. ஓட்டுபவர் அதில் ஊத வேண்டும். மூச்சில் மது இல்லையென்றால்தான் வண்டி கிளம்பும். நாங்கள் அதற்கு ‘மூச்சுப் பூட்டு’ என்று பெயர் வைத்திருந்தோம். மருத்துவர் மானம் போயிற்றென்று மேலிடத்தில் புகார் கொடுத்தார். புகார் விசாரணை முடியும்வரை புதிய கேள்விகள் நிறுத்தப்பட்டன, பயிற்சியும் நிறுத்தப்பட்டது. தங்களைப் பழைய கோப்புகள் கிடக்கும் சன்னலில்லாத அறைக்கு மாற்றினார்கள். பயிற்சியே ஒழிந்துபோகும் என்று அலுவலகம் முழுதும் பேச்சு. தாங்களோ தூசியைத் தட்டி ஒரு பெஞ்சைப் போட்டு, மதிய உணவு வேளையில் வந்தவர்களுக்கெல்லாம் வகுப்பு எடுத்தீர்கள்! ஒரு கையில் சாப்பாட்டு டப்பாவும் மறு கையில் பேனாவுமாக நாங்கள் கற்ற பாடம், கூடத்தில் கற்றதைவிடக் கூடுதல்.

ஒரு நாள் காலையில் பல் மருத்துவர் அலுவலகத்துக்குள் புயலாய்ப் புகுந்தார். கருவி கெட்டுவிட்டதாம், வண்டி கிளம்பவில்லையாம். அவர் போட்ட சத்தம் தாங்காத தலைவர், “அந்த அம்மா மாட்டச் சொன்னதுதானே, அவங்ககிட்டயே போய்க் கேளுங்க” என்று கோப்பறைக்குக் கைகாட்டிவிட்டார். புகார் கொடுத்தவரும் புகாருக்கு ஆளானவரும் நேருக்கு நேர்! நாங்கள் கதவருகே காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம்.

தாங்கள் நாற்காலியைத் துடைத்துப் போட்டு, உட்காரச் சொன்னீர்கள். “நேத்து எவ்வளவு குடிச்சீங்க டாக்டர்?”

“நேத்துக் குடிச்சது நேத்தோட போச்சு! தூங்கி எழுந்து, குளிச்சு, சாப்பிட்டு, தெளிவா இருக்கேன்.”

“எவ்வளவு?”

சொன்னார். சொல்லச் சொல்ல அவர் குரல் இறங்கியது.

“மெஷின் நல்லாத்தான் இருக்கு. நேத்துக் குடிச்சது இன்னும் உங்க உடம்புல மிச்சம் இருக்கு. தெளிஞ்சிட்டோம்னு நமக்குத் தோணும், உடம்புக்குத் தெரியும். கார்ல யாரெல்லாம் இருந்தாங்க?”

 அவர் மெல்லச் சொன்னார். “என் பொண்ணு. அவ பிரெண்ட்ஸ் ரெண்டு பேர். ஸ்கூலுக்கு விடப் போனேன்.” இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். “இத்தனை வருஷமா காலையிலயும் இப்படித்தானே ஓட்டியிருக்கேன்...”

நான் அன்றைக்கே சொன்னேனே என்று தாங்கள் சொல்லவில்லை, அம்மையீர். சொல்லியிருந்தால் நாங்கள் கைதட்டியிருப்போம். அவர் எழுந்து போயிருப்பார். தாங்களோ, “குழந்தைங்க ஸ்கூலுக்குப் போயிட்டாங்களா?” என்று கேட்டீர்கள். பக்கத்து வீட்டுக்காரர் கொண்டுபோய் விட்டாராம். “அப்போ நமக்கு அவசரமில்ல. பேசலாம்” என்றீர்கள். கதவைச் சாத்தச் சொன்னீர்கள். அதற்கப்புறம் நடந்த பேச்சு எங்களுக்குத் தெரியாது. தெரிந்ததெல்லாம், அவர் வெளியே வந்து நேரே தலைவர் அறைக்குப் போய்ப் புகாரைத் திரும்பப் பெறுவதாக எழுதித் தந்தார் என்பதும், அதுவரை ஒப்புக்குப் போய்வந்த சிகிச்சைக்கு அன்றுமுதல் தாமே மனைவியோடு போனார் என்பதும்தான். நடுவே ஒருமுறை குடித்து வழுக்கினார், மறைக்காமல் தங்களிடமே வந்து சொன்னார், மறுபடியும் எழுந்தார். பயிற்சி மீண்டது, கூடம் மீண்டது, இன்று இந்தக் கேள்விகளைக் கேட்காத நன்னடத்தை அலுவலகம் சுற்றுவட்டாரத்தில் இல்லை.

நீதிமன்றம் விதித்த கெடு முடிந்ததும் கருவியைக் கழற்றிக்கொள்ளலாம் என்று அவருக்குத் தெரிவித்தோம். “இருக்கட்டுங்க” என்றார். “நான் அதுல ஊதி, வண்டி கிளம்பினாத்தான் என் பொண்ணு சீட் பெல்ட் போடுறா. இப்பல்லாம் அவங்கம்மாவும் முன்சீட்லதான் உக்கார்றாங்க.”

ஆண்டுகள் பல உழைத்தீர்கள் என்று எல்லோருக்கும் எழுதுவார்கள்; தாங்கள் உழைத்ததன் பயன் அந்த முன்சீட்டில் அமர்ந்திருக்கிறது, அம்மையீர்!

இனி நாங்கள் கவலைப்படுவது ஒருவருக்காகத்தான். முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தங்கள் கணவர், “இனிமே இந்தக் கேள்வியெல்லாம் முழுநேரமும் எனக்குத்தானே?” என்று வாசலிலேயே எங்கள் கையைப் பிடித்துக்கொண்டு முறையிட்டார். ஐயா, எங்களால் ஆகக்கூடியது ஒன்றுமில்லை. உள்ளதைச் சொல்லிவிடுங்கள், அதுதான் சுலபம்.

அன்பின் அம்மையீர்! நோயறியா உடலும் நொடியறியா உள்ளமும் வாய்த்து, நூறு தாண்டியும் நகைச்சுவை குன்றாமல் வாழ்க! போகவேண்டும் என்று தள்ளிப்போட்ட ஊர்களுக்கெல்லாம் போய் வருக! தாங்கள் செல்லும் சாலைகள் தோறும், எதிரே வரும் வண்டி ஒவ்வொன்றிலும், தெளிந்த கண்ணோடு ஒருவர் அமர்ந்து வருக!

என்றும் தங்கள் மாணாக்கராகிய,
நன்னடத்தை அலுவலகத்தின் அலுவலர்களும் ஊழியர்களும்