ரோஜா நிறப் படிவம்

இல்லை சார், கோபம் எல்லாம் கிடையாது. ரோஜா நிறம் எனக்கும் பிடிக்கும். சட்டைக்குப் பிடிக்கும், படிவத்துக்குத்தான் பிடிக்காது.

விசாரணைக்கு வந்த நீங்கள் மறுபடி கேட்பதால் மறுபடி சொல்கிறேன். ஐந்து மருத்துவ நிலையங்களிலும் நோயாளிகளைப் பதியும் மென்பொருளை எழுதியது நான். ஒவ்வொரு கணினிக்கும் ஒரு பிரதி. ஷிஃப்ட் பட்டனை அழுத்திக்கொண்டே திறந்தால் என் வடிவமைப்புக்குள் நுழையலாம் என்று மூன்றாம் நிலையத்து நர்ஸம்மா கண்டுபிடித்துவிட்டார். எழுத்தைப் பெரிதாக்கி, படிவத்தின் பின்னணிக்கு ரோஜா நிறம் பூசிவிட்டார். என் மாமனார் மாதாமாதம் இதய மாத்திரை வாங்குவது அங்கேதான்.

“இப்பத்தான் மாப்ள கம்ப்யூட்டர்ல எழுத்து தெரியுது. உங்களோடது சாவு அறிவிப்பு மாதிரியில்ல இருந்துச்சு” என்றார், சாப்பிடும்போது. என் மனைவிக்குப் புரையேறிவிட்டது. நானும் சிரித்தேன்.

மறுவாரம் புதிய பிரதிகள் அனுப்பினேன். அதில் ஷிஃப்ட் வேலை செய்யாது. பதிவுகள் இருக்கும் அட்டவணைகள் கண்ணில் படாது. வடிவமைப்பைத் திறக்கவே வழியில்லை. ‘இறந்தார்’ கட்டத்தில் டிக் போட்டால் அந்தப் பதிவு பூட்டிக்கொள்ளும். இறந்தவர்கள் மனம் மாறுவதில்லை அல்லவா. அதே அடையாள எண்ணைப் புதிதாகச் சேர்க்கவும் முடியாது. திருத்தக்கூடிய மூலக் கோப்பு என்னிடம் மட்டும்.

பட்டியலில் கீழ் வரிசையில் இருந்த, இறந்துபோன ஒருவருக்குப் போட வேண்டிய டிக்கை நர்ஸம்மா ஒருநாள் மாமனாருக்குப் போட்டுவிட்டார். பழைய பிரதி என்றால் அவரே உள்ளே போய் எடுத்திருப்பார். போன் செய்தார்: “அண்ணே, ஒரே ஒரு தடவ திறந்து விடுங்கண்ணே. இனிமே கலர்ல கைவைக்க மாட்டேன்.”

மூலக் கோப்பு அழிந்துவிட்டது என்றேன். ஒருவருக்குத் திறந்தால் ஐவருக்கும் திறக்க வேண்டும் சார்.

பூட்டிய பதிவுக்கு மருந்துச் சீட்டு அச்சாகவில்லை. சீட்டு இல்லாமல் மருந்துக் கிடங்குக்காரர் அசையவில்லை. “பெரியவரே, செத்தவருக்கு மாத்திரை குடுத்தா என் வேலை செத்துரும்.” அந்த மாத்திரை வெளிக்கடைகளில் கிடைப்பதில்லை. தான் செத்துப்போன கதையை மாமனார் முதல் மாதம் தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தார். இரண்டாம் மாதம் மாடிப்படியில் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டார். மூன்றாம் மாதம் வார்டில் சேர்த்தோம். வார்டுக்கும் அதே கிடங்கு, அதே சீட்டு.

கோப்பு அழியவில்லை. இதோ, இந்த பென் டிரைவில் இருக்கிறது. ஒரு நிமிட வேலை. தினமும் இதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் அவரைப் பார்க்கப் போனேன், ஆரஞ்சும் வாங்கிக்கொண்டு. அவர்மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. அவர் அன்று சொன்னதை நான் நினைத்துப் பார்த்ததுகூட இல்லை.

நேற்று கண்ணைத் திறந்து என் சட்டைப் பையையே பார்த்தார். மூச்சு வாங்கியது.

“மாப்ள... உங்க டிசைன்தான் அழகு. ரோஜா கலரெல்லாம் சும்மா விளையாட்டுக்குச் சொன்னது. அந்த டிக்க மட்டும் எடுத்து விடுங்களேன்.”