நூத்துக்கு நாலு ஏக்கர்

— அஞ்சு மணிக்கு எழுந்தேன். காபி போட்டேன். பன்னிங்களுக்குத் தீவனம் வச்சேன். பூட்ஸைக் கழுவினேன். உன்னை எழுப்பினேன். எப்பவும் போலத்தான். எனக்கு ஒண்ணும் இல்ல, ஆர்லன்.

— நான் ஒண்ணும் கேக்கலையே, டார்லா.

— மூஞ்சியப் பாத்துப் பாத்துக் கேக்கற. அதுக்குப் பதில் முன்னாடி பாரு. கர்னல் மேடை ஏறியாச்சு.

— அயோவாவுல ஏலம் போடறவன் எல்லாமே கர்னல்தான். ஒருத்தனும் துப்பாக்கியத் தொட்டிருக்க மாட்டான், பாத்துக்க.

— எல்லாரும் உக்காருங்க. ஹாம் பன்னு பின்னாடி மேசையில இருக்கு, ஓடிடாது. மறைந்த கெரிட் அவர்களோட நூத்தறுபது ஏக்கர். பாதி மகன் கெண்ட்டுக்கு, பாதி மகள் டார்லாவுக்கு. பேசறது ஏக்கர் விலை. பத்தாயிரம் டாலர் யாரு தர்றா? பத்தாயிரம், வந்தாச்சு. பத்தாயிரத்து ஐநூறு?

— டார்லா, பத்தாயிரம்னா நம்ம பாதிக்கு எட்டு லட்சம். நாம வாங்கலாம்னு சொன்ன பிரேசில் நெலம் ஏக்கர் ரெண்டாயிரம். இப்பவே அங்க நமக்கு நானூறு ஏக்கர்.

— மெதுவாப் பேசு. பின்னாடி பாதிரியார் உக்காந்திருக்காரு.

— அவருக்கும் ஒரு கோயில் கட்டித் தரலாம். கர்னல் ஒவ்வொரு நூறு ஏத்தும்போதும் அங்க நமக்கு நாலு ஏக்கர் முளைக்குது. நூறு, நாலு. நூறு, நாலு. ராத்திரியெல்லாம் போட்டுப் பாத்தேன்.

— பதினோராயிரம். பதினொண்ணு ஐநூறு. நன்றி. பன்னெண்டு?

— நானூத்தி நாப்பது. நானூத்தறுபது. நானூத்தி எண்பது, டார்லா.

— சிரிப்பு காட்டாத. ஹாலந்துல எங்க சித்தி பையன் இருக்கானே, அங்க இதே காசுக்கு என்ன கிடைக்கும்?

— நாப்பது ஏக்கர் கிடைச்சா அதிகம். ஒரு மாடு திரும்பிப் படுத்தா வால் பக்கத்து வீட்டுக்காரனுக்குச் சொந்தம்.

— ஆர்லன், வேண்டாம். காபி மூக்குல ஏறிடும்.

— நீ மட்டும் அங்க வந்து பாரு. காலையில டிராக்டர எடுத்தா அந்தக் கோடிக்குப் போறதுக்குள்ள சாப்பாட்டு நேரம் வந்துரும். அங்க நெலத்துக்கு ஆளுங்க காசுகூடப் பேச மாட்டாங்க, பாத்துக்க. எக்டேருக்கு, அதாவது ரெண்டரை ஏக்கருக்கு, விலை எத்தனை மூட்டை சோயான்னு கேப்பாங்க. நமக்குச் சொன்னது நூத்தறுபது மூட்டை.

— பன்னெண்டு. பன்னெண்டு முந்நூறு கேக்கறேன்.

— அப்ப எங்கப்பா நெலம் எத்தனை மூட்டை?

— அப்பிடியெல்லாம் யாரும் பாக்கறதில்ல. இரு, போடறேன். ஏறக்குறைய ஆயிரம்.

— ஒரு வருஷத்துக்கு எவ்வளவு விளையும்? அங்க?

— எக்டேருக்கு அம்பது மூட்டை.

— இங்க?

— அறுபது. நல்ல வருஷம்னா அறுபத்தஞ்சு.

— பத்து மூட்டை கூட விளையறதுக்கு எண்ணூறு மூட்டை கூடக் குடுக்கறானா? இந்த ஹாலே பைத்தியமா?

— பதிமூணு. பதிமூணு ஐநூறு. பின்வரிசை, விடறதா இல்லை போல.

— ஐநூத்தி நாப்பது ஏக்கர். பைத்தியம்தான், டார்லா, நமக்கு நல்லதுதானே.

— இல்ல, நீ சொல்லு. கணக்குல கெட்டிக்காரன் நீ. ஏன் குடுக்கறாங்க?

— ஏன்னா, மண்ணு. முழங்கை வரைக்கும் கறுப்பு. அங்க வருஷா வருஷம் சுண்ணாம்பு கொட்டணும், உரம் கொட்டணும். இங்க மழை தானா வரும். விளைஞ்சதை ஆத்துப் படகுல ஏத்தினா கடலுக்கே போயிரும். அங்க லாரி ரெண்டு நாள் புழுதியில போகணும்.

— சரி.

— அப்புறம் பத்திரம். இங்க கோர்ட்டுல காகிதம் இருந்தா இருந்ததுதான். எவனும் வந்து எங்க தாத்தா நெலம்னு நிக்க மாட்டான்.

— அதுக்கா எண்ணூறு மூட்டை?

— பாதி அதுக்கு. மீதி வேலிக்கு. பின்வரிசையில கேக்கறது யாரு? நம்ம டென்னிஸ். உங்கப்பா வேலிக்கு அந்தப்பக்கம் முப்பது வருஷமாக் காத்துக்கிட்டிருக்கான். வேலிக்கு அடுத்த நெலம் ஆயுசுல ஒரே தடவைதான் விலைக்கு வரும், பாத்துக்க. போச்சுன்னா போனதுதான். பிரேசில் நெலத்தை அடுத்த வருஷமும் வாங்கலாம்.

— ம்.

— பதினாலாயிரம், டென்னிஸ். பதினாலாயிரம். வேற யாராவது? ஒரு தடவை.

— பதினாலு, டார்லா. ஐநூத்தறுபது ஏக்கர். பாஸ்போர்ட்டுக்கு இன்னிக்கே எழுதிப் போட்டுரலாம்.

— ரெண்டு தடவை. பதினாலாயிரத்து நூறு, முன்வரிசை, நன்றி.

— இன்னும் நாலு ஏக்கர். எவன் அந்தப் பைத்தியக்காரன்? முன்வரிசையிலயா? முன்வரிசையில நாம மட்டும்தானே இருக்கோம். டார்லா. டார்லா, கையை எறக்கு.

— டென்னிஸ், பதினாலு இருநூறு? தலையாட்டுறீங்க. வேண்டாமா? சரி. டார்லா, நிச்சயமாத்தானா? உங்க நம்பர் அட்டை எங்க?

— அட்டை வாங்கல, கர்னல், பேர எழுதிக்குங்க. பாதி ஏற்கெனவே என்னுது. மீதிப் பாதி ஏன் வேணும்னு இவன்தான் இப்ப எனக்குச் சொன்னான்.