க்ளெமின் தக்கை

— அந்த மீன் கூடை மேல உக்காராத மாவிஸ், சொன்னா கேளு. என் கூடையில உக்காரு, நான் நின்னுக்கறேன்.

— ஏன், எங்க வீட்டுக்காரரு இது மேல உக்காந்தபடியே செத்தாருன்னா? இத்தனை வருசம் அவரு பக்கத்துல படுத்தவ, அவரு கூடையில உக்காரக் கூடாதா?

— அதுக்கில்லம்மா. பனியில கெடந்த கூடை, ஈரமா இருக்கும்.

— இருக்கட்டும். தூண்டில் கம்பை க்ளெம் இப்படித்தானே புடிப்பாரு?

— இன்னும் கொஞ்சம் தாழ்த்து. ம்ம். தக்கையோட செவப்பு நுனி தெரியுதா? அதுலருந்து கண்ணை எடுக்காத. உள்ள போச்சுன்னா மணிக்கட்டை மட்டும் லேசாத் தூக்கு. வெடுக்குன்னு இழுத்துடாத, ரோச்சு மீனுக்கு வாயி காகிதம் மாதிரி, கிழிஞ்சு போயிடும். இரைக்கு ரொட்டி வச்சிருக்கியா?

— நீங்க வர்றதுக்கு முன்னாடியே எல்லாம் போட்டாச்சு.

— ஊறி உதுந்திருக்கும். குடு, மாத்தித் தரேன்.

— வேண்டாம். நான் என்ன மீன் புடிக்கவா வந்தேன்? உங்க வீட்டுக்கு வந்தா உங்க சம்சாரம் டோரிஸ் டீயைப் போட்டு வச்சிட்டு நடுவுல உக்காந்துக்குவா. அதான் இங்க வந்தேன். உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும் சிரில்.

— கேளும்மா.

— இந்தக் குளிருல நல்லா மீன் விழுந்துச்சா அவருக்கு?

— க்ளெமுக்கா? விழாம? மில்லுல இருந்து சுடுதண்ணி இந்தக் கால்வாய்ல வந்து விழற எடம் இது. ஊருல இருக்கற ரோச்செல்லாம் குளிர் காய இங்கதான் வரும். அவன் கையும் லேசுப்பட்ட கையா?

— அப்படியா. ரொம்ப சந்தோஷம்.

— இதைக் கேக்கத்தான் வந்தியா?

— அன்னிக்கு அவரு செத்தது தெரியாம எவ்வளவு நேரம் பக்கத்துல இருந்தீங்க?

— அதைக் கேக்காத மாவிஸ்.

— கேக்கறேன்.

— டாக்டரு ரொம்ப நேரம் ஆயிருக்கும்னாரு. நான் பாட்டுக்குப் பேசிக்கிட்டே இருந்தேன். ஃபுட்பாலு, ஃபோர்மேன், எங்க நாய்க்கு வந்த சொறி. பதிலு வரல. க்ளெம் என்னிக்குப் பதிலு சொன்னான்னு நானும் விட்டுட்டேன். அப்புறம் நிலக்கரிப் படகு ஒண்ணு வந்துச்சு. கம்பைத் தூக்குடான்னேன். தூக்கல. படகு மோதி கம்பு கையிலருந்து நழுவுது, அப்பவும் அவன் அசையல. அப்பத்தாம்மா திரும்பி மூஞ்சியைப் பாத்தேன்.

— கை நீட்டினா தொடற தூரம்.

— அடுத்தவன் தண்ணியை எட்டிப் பாக்கறது இங்க வழக்கமில்ல. அவன் தக்கை அவனுக்கு, என் தக்கை எனக்கு. பாத்தா, இவன் என்னடா நம்ம மீனை எண்ணறான்னு நெனச்சுக்குவாங்க. எங்கப்பன் காலத்துலருந்து அப்படித்தான்.

— என்னிக்குப் பதிலு சொன்னான்னு சொல்றீங்க. அப்ப உங்ககிட்டயும் பேசலையா?

— பேசலன்னு யாரு சொன்னா? எப்பவாவது பேசுவான்.

— எம்பொண்ணு பெரில் போனப்புறம் வீட்டுல எங்கிட்ட ஒரு வார்த்தை கெடையாது. உப்பை எடுன்னுகூட கேக்கமாட்டாரு, எட்டி அவரே எடுத்துக்குவாரு. சனிக்கிழமை விடிஞ்சா கம்போட கெளம்பிடுவாரு. சரி, சிரில்கிட்டயாவது மனசுவிட்டுப் பேசட்டும்னு ஃபிளாஸ்க்குல டீயை ஊத்திக் குடுப்பேன். ரெண்டு பேருக்கும் சேத்துத்தான் ஊத்துவேன்.

— நான் என்னடான்னா அவன் வீட்டுல உங்கிட்ட...

— எங்கிட்ட என்ன?

— ஒண்ணுமில்லம்மா. நீ சொல்லு.

— அவ போன அன்னிக்கு மழை. பெரிலுக்கு சளி. அவரு வேண்டாம்னாரு. நான்தான், அடுப்பு மூட்ட சோம்பேறித்தனப்பட்டுக்கிட்டு, ஓடிப் போயி வறுத்த மீனும் உருளைக்கிழங்கும் வாங்கிட்டு வாடின்னு எம்பொண்ணைத் தொரத்தினேன். அந்தப் பொட்டலம் ரோட்டுல கெடந்துச்சு சிரில். லாரி டயருகிட்ட. சூடு ஆறாம கெடந்துச்சு.

— போதும்மா.

— எம்மேல தப்புன்னு அவரு உங்ககிட்ட சொன்னாரா? அது மட்டும் எனக்குத் தெரியணும். அது தெரியாம நான் அந்த வீட்டுல படுக்க முடியல.

— இல்லவே இல்ல.

— சமாதானம் சொல்லாதீங்க.

— சத்தியமா. இதோ, இதே கூடையில உக்காந்து சொன்னான். மாவிஸ் மேல தப்பில்லன்னான். யாரு அனுப்பியிருந்தாலும் அந்த லாரி அந்த வழியாத்தான் வந்திருக்கும்னான்.

— எப்ப?

— கிறிஸ்துமஸுக்கு முந்தின சனிக்கிழமை. நல்லா ஞாபகம் இருக்கு, அன்னிக்கு ஒரு பெரிய ரோச்சு புடிச்சான். அவன் புடிச்சதுலயே பெருசு. கையை நனைச்சுக்கிட்டு அதை அப்படியே ஏந்தினான். செவப்புத் துடுப்பு விரிஞ்சு நின்னுச்சு. அதைப் பாத்துக்கிட்டேதான் சொன்னான். கண்ணு கலங்கிடுச்சு அவனுக்கு. அப்புறம் மெதுவாத் தண்ணியில விட்டுட்டான்.

— தூண்டில்ல மாட்டின மீனையா?

— பின்ன? அழாத மாவிஸ். அந்தக் கம்பைக் குடு இப்படி. ரொட்டியை மாத்திப் போட்டுத் தரேன், நீயும் ஒண்ணு புடி. அவனுக்கு அது புடிக்கும்.

— இந்தாங்க. எடுத்துப் பாருங்க.

— என்னம்மா இது? நுனியில தூண்டில் முள்ளையே காணோம். அடியில பழைய சைக்கிள் ஒண்ணு கெடக்கு, அதுல மாட்டி அறுந்துபோச்சா?

— அறுந்தா தூண்டில் நரம்பு பிசிறி இருக்காதா? நல்லாப் பாருங்க. முள்ளு கட்டற வளையம் அப்படியே இருக்கு. போலீஸ்காரரு கொண்டாந்து குடுத்தப்ப எப்படி இருந்துச்சோ, அப்படியே கொண்டாந்தேன்.

— அன்னிக்குக் கட்ட மறந்திருப்பான்.

— பெரிலை அடக்கம் பண்ணிட்டு வந்து, கோட்டைக்கூடக் கழட்டாம உக்காந்து, இருந்த முள்ளையெல்லாம் அள்ளி அடுப்புல கொட்டினாரு. ஏன்னு கேட்டேன். அடுப்பை மூடிட்டு எழுந்து போனாரு. அப்புறம் ஒரு முள்ளு வாங்கல. ஒவ்வொரு சனிக்கிழமையும் திரும்பி வந்தா கம்பைத் துடைச்சு வைக்கிறது நான். குளிர்காலம் பூரா உங்க பக்கத்துல வெறும் தக்கையை மிதக்கவிட்டுட்டு உக்காந்திருக்காரு.

— மாவிஸ்...

— அந்தப் பெரிய ரோச்சு எதுல மாட்டிச்சு சிரில்?

— நான்... நான் உன் மனசு ஆறட்டும்னுதான்... அவன் ஒரு வார்த்தையும் பேசலம்மா. நானும் கேக்கல. என்னை மன்னிச்சுடு.

— கம்பைக் கீழ வச்சிட்டு இப்படி உக்காருங்க. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கறேன். கையில மீனை வச்சுக்கிட்டு அவரு என்ன சொன்னாரு, இன்னொரு தடவை சொல்லுங்க.